மழைக்காலக் கருவாட்டு ஷெட்டுக்கு டைரக்ட் ஃபயர் ஹீட்டர் சரிப்படுமா?

கரைவலை மண்டபம் எழுதியது:

வணக்கம். மண்டபத்தில் கருவாட்டுத் தொழில் செய்கிறேன். நெத்திலி, சாளை, காரல், சமயத்தில் வாளை. கோடையில் கவலை இல்லை, பரணில் வலை விரித்துப் போட்டால் நெத்திலி ஒரே வெயிலில் சலசலவென்று காய்ந்துவிடும். ஐப்பசி பிறந்து வாடை எடுத்ததும்தான் தலைவலி. படகுக்காரர் சரக்கை இறக்கிவிட்டுப் போய்விடுகிறார், வானம் மூடியே கிடக்கிறது, இரண்டாம் நாள் நெத்திலி மஞ்சளடிக்கிறது, மூன்றாம் நாள் கோழித்தீவனத்துக்கு எடுப்பவர் கேட்கிற விலைக்குத் தள்ள வேண்டியதாகிவிடுகிறது.

40க்கு 25 அடியில் ஒரு தகர ஷெட் சும்மா கிடக்கிறது. அதை அடைத்து, உள்ளே தட்டு அடுக்கி, சூடான காற்று விட்டால் என்ன என்று யோசனை. கனடாவில் சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கும் மச்சான் ஒரு படம் அனுப்பினான். பீரங்கிக் குழாய் மாதிரி இருக்கிறது, பின்னால் ஃபேன், நடுவில் டீசல் எரிகிறது, முன்னால் அனல் வருகிறது. அதே சாமான் இங்கேயும் ஆன்லைனில் கிடைக்கிறது. 1 லட்சம் பிடியூ (சூட்டை அளக்கிற கணக்கு), எரிபொருளின் சூடு முழுதும் காற்றுக்கே, திறன் 100 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். புகைபோக்கி வைத்த இன்னொரு வகை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. ஒரு ஈட்டுக்கு 300 கிலோ பச்சை நெத்திலி காய வேண்டும், அவ்வளவுதான் தேவை. எதை வாங்கலாம்?

வெயில் போதும் எழுதியது:

நம்ம ஊரில் ஹீட்டரா? தகர ஷெட்டில் சித்திரை மாதம் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள் அண்ணே :)

கரைவலை மண்டபம் எழுதியது:

சித்திரையில் ஏற்கெனவே 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் தம்பி, விசைப்படகு கரையில் நிற்கும், சரக்கே பாதிதான் வரும். எனக்கு வேண்டியது கார்த்திகைக்கு.

பர்னர் மெக்கானிக் ராம்நாடு எழுதியது:

பேக்கரி அடுப்பு, நெல் டிரையர், பெயிண்ட் ஓவன் பர்னர் எல்லாம் பார்க்கிறவன். முதலில் அந்த 1 லட்சம் பிடியூவை நம்ம கணக்குக்குக் கொண்டுவருவோம். அது சுமார் 29 கிலோவாட், மணிக்கு 25,000 கிலோகலோரி. அளவு உங்கள் வேலைக்குக் குறைச்சல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில்.

டைரக்ட் ஃபயர் என்றால் தீச்சுவாலையும் அதிலிருந்து வரும் புகையும் நீங்கள் ஊதுகிற காற்றோடேயே கலந்து உள்ளே போகிறது. புகைபோக்கி கிடையாது. 100 சதவீதம் திறன் என்பது பொய் இல்லை, வெளியே எதையும் விடாததால் சூடு எதுவும் வீணாகவில்லை, ஆனால் அழுக்கும் வெளியே போகவில்லை. இன்டைரக்ட் என்றால் தீ ஒரு டிரம்முக்குள் எரியும், புகை சிம்னி வழியாகப் போய்விடும், டிரம்மின் வெளிப்புறத்தைத் தடவிக்கொண்டு போகும் காற்றுதான் சரக்குக்கு வரும். இதில் கொஞ்சம் சூடு சிம்னியில் போகும், நன்றாகச் செய்ததில் 15, 20 சதவீதம், மட்டமாகச் செய்ததில் பாதி.

நீங்கள் படத்தில் பார்த்தது கட்டட வேலை நடக்கிற இடத்துக்கும், கதவை அடிக்கடி திறந்து லாரி வந்துபோகிற கிடங்குக்கும் ஆனது. அந்த ஊர்க்குளிரில் ஆள் விறைக்காமல் வேலை பார்க்க வேண்டும், அதற்கு அது போதும். அதன் காற்றளவு மணிக்கு 700, 800 கன மீட்டர்தான் இருக்கும். 29 கிலோவாட்டை அவ்வளவு கொஞ்சம் காற்றில் திணித்தால் வாயில் வரும் காற்று 100 டிகிரிக்கு மேலே போகும். நெத்திலி காயாது, வெந்துவிடும். முன் வரிசைத் தட்டு பொரியும், பின் வரிசை நாறும்.

அப்புறம் டீசல். தெர்மோஸ்டாட் தீயை அணைத்து அணைத்துப் பற்றவைக்கும்போது ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் ஆவி ஒரு மூச்சு உள்ளே வரும். ஷெட்டில் ஆளுக்குக் கண் எரிச்சல் என்று போய்விடும். எண்ணெய்ப்பசை உள்ள மீன் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டால் விடாது. சாளை சரக்கில் டீசல் வாடை வந்தால் வியாபாரி மூட்டையை அவிழ்த்த உடனேயே கட்டிவிடுவார்.

கணக்கு வாத்தி எழுதியது:

எவ்வளவு சூடு, எவ்வளவு காற்று என்று போட்டுப் பார்த்தால் பாதிக் கேள்வி தானே அடங்கிவிடும். தோராயக் கணக்குதான், திருத்துபவர்கள் திருத்துங்கள்.

பச்சை நெத்திலியில் நாலில் மூன்று பங்கு தண்ணீர். 300 கிலோவில் 75 கிலோதான் உண்மையான சதை. 20 சதவீத ஈரத்தில் நிறுத்தினால் கையில் வருவது 94 கிலோ அளவு, அதாவது வெளியேற்ற வேண்டிய தண்ணீர் 206 கிலோ. ஒரு கிலோ தண்ணீரை அந்த வெப்பத்தில் ஆவியாக்க 0.67 யூனிட் சூடு வேண்டும், அது ஏட்டுக்கணக்கு. தகர ஷெட், கதவிடுக்கு, முழுசாகப் பயன்படாமல் போகும் காற்று எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள், 280 யூனிட் கிட்ட வரும். 14 மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றால் 20 கிலோவாட்.

இப்போது காற்று. மீனுக்கு 45 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள், முதல் இரண்டு மூன்று மணி நேரம் அதற்கும் கீழே. ஆரம்பத்திலேயே சூட்டை ஏற்றினால் மேல்தோல் இறுகிப்போய் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வழி அடைபட்டுவிடும், வெளியே கருவாடு, உள்ளே பச்சை. நெத்திலி மெலிசு, தப்பிக்கும், வாளையும் பாரையும் தப்பாது. வெளிக்காற்று 28 டிகிரி என்றால் 17 டிகிரி ஏற்ற வேண்டும். 20 கிலோவாட்டை 17 டிகிரி ஏற்றமாகப் பரப்ப மணிக்கு 3,500 கன மீட்டர் காற்று வேண்டும், ப்ளோயர் கடைக்காரரிடம் 2,000 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்று கேளுங்கள். பாருங்கள், ஹீட்டரைவிடப் ப்ளோயர்தான் இங்கே பெரிய சாமான்.

மழைநாளில் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். அதே காற்றை 45க்குச் சூடேற்றினால் ஈரப்பதம் 33, 34 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காற்றில் இருக்கிற தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சூடான காற்று இன்னும் நிறையத் தாங்கும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே கருவாடு காய்வது இப்படித்தான்.

கீழக்கரை காக்கா எழுதியது:

வாத்தியாரே, ஒரு சந்தேகம். கேஸ் எரிந்தாலே தண்ணீர் வரும் என்பார்களே, டைரக்ட் ஃபயரில் அந்த ஈரமும் சரக்கு மேலேதானே வரும்? அப்புறம் எப்படிக் காயும்?

கணக்கு வாத்தி எழுதியது:

நல்ல கேள்வி காக்கா. 1 கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும், உண்மைதான். ஆனால் மேலே சொன்ன மாதிரி புதுக்காற்றை ஒரு முறை உள்ளே இழுத்து மறுபக்கம் வெளியே தள்ளிவிட்டால், ஒரு கிலோ காற்றில் ஏற்கெனவே இருக்கும் 20 கிராம் ஈரத்தோடு 0.6 கிராம்தான் கூடும். ஈரப்பதம் 33.5 இருந்த இடத்தில் 34.5. கண்ணுக்கே தெரியாது. எரிபொருளை மிச்சம் பிடிக்கிறேன் என்று வெளியேறும் காற்றையே திரும்பச் சுற்ற விட்டால்தான் கதை மாறும், ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்துகொண்டே போகும். சுற்ற விடுவது இன்டைரக்டில் மட்டும்தான் சரி.

ஆகவே ஈரத்தைக் காட்டி டைரக்டைத் தள்ளாதீர்கள். தள்ளுவதற்கு வேறு காரணம் இருக்கிறது, கீழே யாராவது சொல்வார்கள்.

கீழக்கரை காக்கா எழுதியது:

அப்படியானால் என் விஷயம். எனக்குக் காயவைக்கும் வேலை இல்லை, குடோன். கருவாடும் முண்டு மிளகாய் வத்தலும் மூட்டையாக அடுக்கிக் கிடக்கும். அடைமழையில் சாக்கு நசநசத்து வத்தலில் பூஞ்சை ஏறுகிறது. சின்ன கேஸ் ஹீட்டர் ஒன்றை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் ஈரம் போகுமா?

பர்னர் மெக்கானிக் ராம்நாடு எழுதியது:

வேண்டவே வேண்டாம் காக்கா. மூடின குடோனில் வாத்தியார் சொன்ன அதே 1.6 கிலோ தண்ணீருக்கு வெளியே போக வழி இல்லை. ஒரு 19 கிலோ சிலிண்டரை உள்ளே எரித்து முடித்தால் 30 லிட்டர் தண்ணீரை நீங்களே கொண்டுபோய்க் குடோனுக்குள் ஊற்றியதற்குச் சமம். ஹீட்டர் ஓடும்வரை காய்ந்த மாதிரி இருக்கும், அணைத்தபின் விடியற்காலம் தகரக்கூரை குளிர்ந்ததும் உள்பக்கம் வேர்த்து மேல் வரிசை மூட்டையில் சொட்டும்.

குடோனுக்கு வேண்டியது சூடு இல்லை, ஈரத்தை உறிஞ்சும் கருவி. டிஹியூமிடிஃபையர் என்று கேளுங்கள், கரண்டில் ஓடும், தண்ணீரை வாளியில் எடுத்துத் தரும். அதற்கு முன்னால் காசு கம்மியான வேலைகள்: மூட்டையைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி மரச்சட்டத்தில் அடுக்குங்கள், கூரைத் தகரத்துக்கு அடியில் ஒரு தடுப்பு கொடுங்கள், மழைநாளில் ஜன்னலைத் திறந்து 'காத்தோட்டம்' விடாதீர்கள். வெளியே இருப்பதுதானே ஈரக்காற்று.

முதுகுளத்தூர் முண்டு எழுதியது:

வத்தல் என்றதும் உள்ளே வருகிறேன். நம்ம ராமநாதபுரம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு வந்தது எல்லாருக்கும் தெரியும், அதற்கப்புறம் வெளிநாட்டுக்கு எடுப்பவர்கள் கேட்கிற பேப்பர் கூடிவிட்டது. அறுப்பு தை, மாசியில் தொடங்குவதால் பெரும்பாலும் வெயிலிலேயே தப்பித்துவிடுகிறோம், திடீர்க் கோடைமழைதான் களத்தில் கிடக்கிற பழத்தைக் கெடுக்கும்.

எங்கள் பக்கம் ஒருவர் விறகுப் புகையை நேரடியாக உள்ளே விட்டு மிளகாய் காயவைத்தார். நிறம் நல்லாத்தான் இருந்தது, காரமும் போகவில்லை. லேப் ரிப்போர்ட்டில் அடிபட்டது. விறகுப் புகையில் பென்சோபைரீன் என்று ஒன்று இருக்கிறது, புற்றுநோய் வரவைக்கும் வகை, ஐரோப்பாவுக்குப் போகும் உலர்ந்த மசாலாச் சரக்கில் அது கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது. பூஞ்சை நஞ்சுக்குப் பயந்து புகைக்குள் போய் மாட்டிக்கொண்ட கதை. விறகு எரிப்பதென்றால் இன்டைரக்ட் மட்டும்தான், அதில் பேச்சே இல்லை.

கணக்கு வாத்தி எழுதியது:

விறகு மட்டும் இல்லை. சுத்தமாக எரிகிற கேஸிலும் தீயின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடாக மாறும். 1970களின் கடைசியில் ஜெர்மனியில் பீரில் நைட்ரோசமைன் என்ற, புற்றுநோய் வரவைக்கக்கூடிய நஞ்சு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். தேடிப் போனால், முளைகட்டிய பார்லியை நேரடித் தீக்காற்றில் உலர்த்தியதுதான் மூலம். அந்தத் தொழிலே அதற்குப் பிறகு பெருமளவு இன்டைரக்டுக்கு மாறியது. மீனுக்கு இது ஏன் முக்கியம் என்றால், மீன் வாடைக்குக் காரணமே அமைன் வகைகள்தான், நைட்ரஜன் ஆக்சைடு சேர்ந்தால் அதே குடும்பத்து நஞ்சு உருவாக வழி இருக்கிறது. இதற்காகப் பயந்து சாக வேண்டாம், ஆனால் உணவுப் பொருள் என்றால் நான் இன்டைரக்ட் பக்கம்தான்.

பைபர் படகு தொண்டி எழுதியது:

நாங்கள் பைபர் வள்ளம் செய்கிற, ஓட்டை அடைக்கிற பட்டறை. உணவுப் பொருள் கிடையாது. மழைக்காலத்தில் ரெசின் (பைபரை ஒட்டி இறுக்கும் பிசின்) இறுக நேரமாகிறது. எங்களுக்கு அந்த டீசல் பீரங்கி சரிவருமா? விலையும் குறைவு.

பர்னர் மெக்கானிக் ராம்நாடு எழுதியது:

அண்ணே, உங்களுக்குத்தான் அது கூடவே கூடாது. ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் 31, 32 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவு ஆவியாகும், அது நம்ம ஊரில் சாதாரண மதியம். பிரஷ் கழுவும் அசிட்டோன் பனிக்கட்டி உறையும் குளிரிலும் பற்றும். இரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போய் ஹீட்டரின் பின்பக்க ஃபேன் எங்கே இருக்கிறதோ அங்கே நிற்கும். ஃபேன் உறிஞ்சி நேராகத் தீயில் ஊட்டும். பட்டறை, அச்சு, வள்ளம் எல்லாம் ஒன்றாகப் போகும்.

தீ ஷெட்டுக்கு வெளியே தனி அறையில் எரிந்து, குழாய் வழியாகச் சூடான சுத்தக்காற்று மட்டும் உள்ளே வந்தால் யோசிக்கலாம். ஆனால் உங்களுக்குச் சூடே தேவையா என்று எனக்குச் சந்தேகம். நம்ம கரையில் மார்கழி ராத்திரியும் 22, 23 டிகிரிக்குக் கீழே அநேகமாக இறங்காது, அந்தச் சூட்டில் ரெசின் இறுகும். கண்ணாடி மேட் (ரெசினில் நனைத்து ஒட்டும் கண்ணாடி நார் விரிப்பு) ஈரம் குடித்திருக்கும், அதைப் பாருங்கள். மேட் சுருளைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி உயரத்தில் வையுங்கள். ரெசினை இறுக வைக்கக் கலக்கும் கேட்டலிஸ்டை ரெசின் கம்பெனி சொல்கிற அளவுக்கு மேல் ஊற்றி அவசரப்படுத்தாதீர்கள், வெடிப்பு விழும்.

பைபர் படகு தொண்டி எழுதியது:

மேட் சுருள் தரையிலேயேதான் கிடக்கிறது. சரி, அதைப் பார்க்கிறேன்.

பாம்பன் பாசி அக்கா எழுதியது:

தம்பிகளே, எங்கள் மகளிர் குழு காப்பாபைகஸ் என்ற கடல்பாசியை மிதவை போட்டு வளர்க்கிறோம். மழை வந்தால் கரையில் காய்கிற பாசி வெளுத்துக் கூழாகிறது. இந்த டிரையரில் எங்களுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

கணக்கு வாத்தி எழுதியது:

அக்கா, ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் பச்சைப் பாசி 8, 10 கிலோ காய்ந்தால் 1 கிலோ வரும். மேலே போட்ட அதே கணக்கில் ஒரு கிலோ காய்ந்த பாசிக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கேஸ் எரியும். கேஸ் விலையையும் பாசி விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூரியனைத் தவிர வேறு எதற்கும் அதில் இடம் இல்லை. பிளாஸ்டிக் கூடாரம், தரையிலிருந்து உயர்த்திய வலைப் பரண், கூடாரத்தின் உச்சியில் காற்று வெளியேற வழி, இவ்வளவுதான் கட்டுபடியாகும். 35 சதவீத ஈரத்தில் வாங்கிக்கொள்வதால் கருவாடு அளவுக்குக் காய வேண்டியதும் இல்லை.

பாம்பன் பாசி அக்கா எழுதியது:

நல்லவேளை கேட்டேன். இரண்டு பேர் விலைப்பட்டியல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், டிரையர் ஓட எவ்வளவு கேஸ் ஆகும் என்று ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை.

கரைவலை மண்டபம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டீசல் பீரங்கியை விட்டுவிட்டேன். இப்போது இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, கேஸ் பர்னரை வெளியே வைத்து டைரக்டாகவே, புதுக்காற்றோடு. இரண்டு, விறகு போடும் இன்டைரக்ட். சீமைக்கருவேலம் நம்ம ஊரில் கிடைக்காத இடம் எது? ஆனால் ஆள் நின்று விறகு தள்ள வேண்டும். கேஸ் என்றால் திருகிவிட்டுப் படுத்துவிடலாம்.

பர்னர் மெக்கானிக் ராம்நாடு எழுதியது:

படுக்கிற பேச்சை எடுக்காதீர்கள்.

கேஸ் கணக்கு: 280 யூனிட்டுக்கு 22 கிலோ எல்பிஜி, ஒரு ஈட்டுக்கு வணிகச் சிலிண்டர் ஒன்றுக்கு மேல். டீசல் என்றால் 28 லிட்டர். விறகு இன்டைரக்டில் 60 சதவீதம்தான் காற்றுக்கு வரும் என்று வைத்தாலும் காய்ந்த கருவேலம் 110, 120 கிலோ. இதைக் கையில் வரும் 94 கிலோ கருவாட்டின் மேல் ஏற்றிப் பாருங்கள். வணிகச் சிலிண்டர் விலை மாதா மாதம் மாறும், நீங்கள் ஐப்பசியில் போட்ட கணக்கு தையில் நிற்காது.

இன்னொன்று, மணிக்கு 1.6 கிலோ கேஸ் ஒரே சிலிண்டரிலிருந்து தொடர்ந்து இழுக்க முடியாது. சிலிண்டர் வேர்த்து, வெளியே பனி படிந்து, அழுத்தம் விழுந்து தீ குன்றும். சிலர் அதற்குச் சுடுதண்ணீர் ஊற்றுவார்கள், சிலர் தீயே காட்டுவார்கள், அந்தப் பக்கம் போகாதீர்கள். மூன்று சிலிண்டரை ஒரே குழாயில் இணைத்து எடுக்க வேண்டும். 100 கிலோ வரை எல்பிஜி வைத்துக்கொள்ளத் தனி உரிமம் வேண்டியதில்லை, 19 கிலோவில் ஐந்து என்றால் 95, அதற்குள் நிற்கலாம். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை இந்த வேலைக்குக் கொண்டுவரக் கூடாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிலிண்டரை வெளியே, மேட்டில், நிழலில். கேஸ் கனமானது, பக்கத்தில் பள்ளமோ சாக்கடையோ இருந்தால் அங்கே போய்த் தேங்கும்.

டைரக்டோ இன்டைரக்டோ, ஃபேன் நின்றால் தீ நிற்க வேண்டும். கார்த்திகையில் புயல் சின்னம் என்றாலே நம்ம பக்கம் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று தெரியும். கேஸ் பர்னரில் கரண்ட் போனதும் தானே மூடும் சோலினாய்டு வால்வு, தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் ஃப்ளேம் சென்சார், காற்றோட்டம் இல்லாவிட்டால் எரியவிடாத பிரஷர் சுவிட்ச், இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். விறகு அடுப்பைச் சுவிட்ச் போட்டு நிறுத்த முடியாது, கரண்ட் போனால் டிரம் சிவந்துவிடும், அதற்குச் சின்ன ஜெனரேட்டரோ அவசரக் காற்றுக்கதவோ முன்னமே யோசித்துவையுங்கள்.

வெயில் போதும் எழுதியது:

கரிமூட்டக் கரி நம்ம மாவட்டத்தில் மலிவு. அதைத் தட்டில் கங்கு போட்டு ஷெட்டுக்குள் நாலு மூலையில் வைத்தால்? புகையும் இல்லை, விறகும் தள்ள வேண்டாம்.

பர்னர் மெக்கானிக் ராம்நாடு எழுதியது:

தம்பி, விளையாட்டுக்குக்கூட எழுதாதீர்கள், யாராவது செய்துவிடுவார்கள். கரிக்கங்கில் புகை இல்லை என்பதுதான் ஆபத்தே. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் 8 மணி நேர வேலைக்கு 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு) வரைதான் அனுமதி இருந்தது. மூடின ஷெட்டில் கங்குத்தட்டு அதைச் சீக்கிரமே தாண்டிவிடும். தலைவலி, குமட்டல், தூக்கம், அதோடு முடிந்தது. ராத்திரி தட்டு மாற்றுகிற பெண்கள் அங்கேயே ஓரமாகப் படுப்பது நம்ம தொழிலில் சாதாரணம். ஹீட்டர் எந்த வகையாக இருந்தாலும் ஷெட்டுக்குள் ஆள் படுக்கக் கூடாது, பேட்டரியில் ஓடும் மோனாக்சைடு அலாரம் ஒன்று ஆள் தலை உயரத்தில் தொங்க வேண்டும்.

வெயில் போதும் எழுதியது:

சரிண்ணே. இது தெரியாது.

கீழக்கரை காக்கா எழுதியது:

மண்டபத்துத் தம்பிக்கு ஒரு வார்த்தை. இன்டைரக்ட் வாங்கினேன் என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். என் உறவுக்காரர் ஒருவர் வெளியூர்ப் பட்டறையில் செய்து வாங்கினார், பெயர் வேண்டாம். கடல் காற்றில் அந்த இரும்பு டிரம் இரண்டாவது மழைக்காலத்திலேயே பொத்தலாகிவிட்டது. வெளியே பெயிண்ட் பளபளப்பு, உள்ளே சல்லடை. கேட்டால் உப்புக்காத்துக்கு வாரண்டி கிடையாது என்கிறார்கள்.

பர்னர் மெக்கானிக் ராம்நாடு எழுதியது:

காக்கா சொன்னதை நாலு தடவை படியுங்கள். டிரம்மில் ஓட்டை விழுந்த நிமிஷமே இன்டைரக்ட் ஹீட்டர் உங்களுக்குத் தெரியாமல் டைரக்ட் ஹீட்டராகிவிட்டது, அதுவும் விறகுப் புகையோடு.

இதற்கு ஒரு உபாயம் உண்டு, ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ப்ளோயர் டிரம்முக்கு முன்னால் இருந்து காற்றைத் தள்ள வேண்டும், டிரம்முக்குப் பின்னால் இருந்து இழுக்கக் கூடாது. தள்ளினால் டிரம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் கூடுதலாக இருக்கும், சிம்னி இழுப்பில் உள்ளே அழுத்தம் குறைவு, ஓட்டை விழுந்தாலும் நல்ல காற்று தீப்பக்கம் போகும், புகை சரக்குப் பக்கம் வராது. இழுத்தால் நேர் தலைகீழ். இதைப் பல பட்டறைகளில் கவனிப்பதில்லை, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே மோட்டாரை மாட்டிவிடுகிறார்கள்.

டிரம்முக்குக் கனத்த தகடு கேளுங்கள். எவர்சில்வர் 304 என்பார்கள், கடலோரத்தில் அதிலும் புள்ளி புள்ளியாகத் துரு குத்தும், 316 தாங்கும், ஆனால் விலை. தீ படும் டிரம்மைக் கழற்றி மாற்றுகிற மாதிரி போல்ட் வைத்துச் செய்தால் சாதா இரும்பே போதும் என்பது என் கட்சி. காற்று எடுக்கிற வாயைக் கடலைப் பார்த்து வைக்காதீர்கள். மண்டபத்தில் வடகடல் ஒரு பக்கம், தென்கடல் ஒரு பக்கம், தப்பிக்க இடம் இல்லைதான். மழைக்காலத்தில் வாடையும் (வடகாற்று) கொண்டலும் (கீழ்க்காற்று) அடிக்கும், அதனால் தென்மேற்கு மூலையில் வாயை வைத்து மேலே ஒரு தகரத் தாழ்வாரம் போடுங்கள். கச்சான் (மேல்காற்று) அடிக்கும் மாதங்களில் ஹீட்டர் எப்படியும் ஓடாது, அப்போது வாயை மூடிவிடுங்கள். வருஷா வருஷம் ஆவணியில், சீசனுக்கு முன்னால், ராத்திரி விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு டிரம்முக்குள் ஒரு பவர் பல்பைத் தொங்கவிட்டு வெளியிலிருந்து பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடம் ஓட்டை.

முதுகுளத்தூர் முண்டு எழுதியது:

விறகையும் புரட்டாசிக்குள் வெட்டி, காய்ந்த பிறகு கூரைக்கு அடியில் அடுக்கிவிடுங்கள். மழையில் நனைந்த கருவேலத்தைத் திணித்தால் பாதிச் சூடு விறகைக் காயவைக்கவே போய்விடும், சிம்னியிலும் தார் பிடிக்கும்.

கணக்கு வாத்தி எழுதியது:

மழைக்காலம் என்றாலும் நாள் முழுக்க மழை பெய்வதில்லை, பத்து மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் சுள்ளென்று அடிக்கும். கூரையின் ஒரு பகுதியைப் பாலிகார்பனேட் போட்டுக்கொண்டால் அந்த வெயிலும் உள்ளே வரும், விறகு குறையும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் சூரியசக்தியோடு கேஸ், விறகு, கரண்ட் ஏதாவது ஒன்றைத் துணைக்கு வைத்த மீன் டிரையர்களை வடிவமைத்திருக்கிறது, பட்டறைக்குப் போகும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

பாம்பன் பாசி அக்கா எழுதியது:

மானியம் கேட்டீர்களா தம்பி? மீன்வளத்துக்கான மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 40, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 சதவீதம் என்று இருந்தது. உங்கள் வீட்டுக்காரி பெயரில் போடுங்கள். திட்டம் இன்னும் நடக்கிறதா, டிரையருக்கு இப்போது இடம் இருக்கிறதா என்று மீன்வளத் துறை ஆபீசில் கேட்டுவிட்டு அப்புறம் சாமான் வாங்குங்கள். வாங்கிவிட்டுப் போய் நின்றால் தர மாட்டார்கள்.

கரைவலை மண்டபம் எழுதியது:

அக்கா சொன்னதை வீட்டில் சொன்னேன், 'என் பெயரில் போட்டால் கணக்கும் என் கையில்தான் இருக்கும்' என்கிறாள். நியாயம்தான்.

முடிவு இப்படி: விறகு இன்டைரக்ட், கழற்றுகிற டிரம், ப்ளோயர் முன்பக்கம், 2,000 சிஎஃப்எம். கூரையில் மூன்றில் ஒரு பங்கு பாலிகார்பனேட். பட்டறைக்காரர் 1,000 சிஎஃப்எம் ப்ளோயரே போதும், சூட்டை 60க்கு ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார், மோட்டார் விலை குறையுமாம்.

பர்னர் மெக்கானிக் ராம்நாடு எழுதியது:

60 டிகிரியில் காய்ந்த நெத்திலியை அவர் விலைக்கு எடுத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். 2,000க்குக் கீழே இறங்காதீர்கள். ஷெட்டில் த்ரீ ஃபேஸ் இருக்கிறதா, சிங்கிள் ஃபேஸா? அதைச் சொன்னால் மோட்டார் எது என்று சொல்கிறேன்.

கரைவலை மண்டபம் எழுதியது:

சிங்கிள்தான் அண்ணே. த்ரீ ஃபேஸுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், கம்பம் நட வேண்டுமாம்.

பர்னர் மெக்கானிக் ராம்நாடு எழுதியது:

அது இந்த மழைக்கு வராது. 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் ப்ளோயர் இரண்டாக வாங்குங்கள், ஒவ்வொன்றும் 1,000 சிஎஃப்எம். ஒன்று போனாலும் இன்னொன்று ஓடும், டிரம் சிவக்காது. பட்டறைக்காரர் வரைந்து கொடுத்த படத்தை இங்கே போடுங்கள், முன்பணம் கொடுக்கும் முன்.